கேத்தி பாலாடாவில் தண்ணீருக்குக் குறைவில்லை

நாலு பல் போன பிறகும்
நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

சேரிங்கிராஸ் மாடிப்படி டாக்டர்
முகமூடிக்கு மேலே கண்ணைச் சுருக்கினார்.
ராத்திரி தேய்ப்பீங்களா?
தேய்ப்பேன்.
இனிப்பு?
டீயில்கூட இல்லை.
பாக்கு, புகையிலை?
இல்லை சார்.
'சரியாத் தேய்க்கணும்மா' என்று
பிளாஸ்டிக் பல்வரிசை ஒன்றை எடுத்து
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே
ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக் காட்டுவதுபோல் காட்டினார்.
எனக்கு நாற்பத்தாறு வயது.

வீட்டில் சந்தனம்
விரலால் இரண்டு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு,
அதோடு சரி.
பீடிக்காரன். சோடா மூடியைப் பல்லால் திறப்பான்.
அவன் ஆட்டெலும்பு உடைக்கிற சத்தம்
எதிர்வீட்டு நாய்க்குத் தெரியும்.
கண்ணாடி முன்னால் நான் பல்லிடுக்கில் நூல் போட்டு இழுத்தால்
'பட்டம் விடப்போறியா' என்பான்.

கேரட் கழுவுமிடத்தில் கணக்கு எழுதுகிறேன்.
விடியுமுன் முதல் லோடு வரும்.
டிரம் சுற்றும், ஓடைத் தண்ணீர் பீய்ச்சும்,
மண் போய் நிறம் வரும்.
பளபளக்கிற காயில் உள்ளே கறுத்தது எது என்று
மேட்டுப்பாளையம் மண்டியில் ஒடிக்கும்போதுதான் தெரியும்.
கழுவினவர்களைத் திட்டுவார்கள்.
போனை எடுக்கிறவள் நான்.

தேய்த்தேன். இன்னும் தேய்த்தேன்.
உப்புத் தண்ணீர், கிராம்பு எண்ணெய்,
மெடிக்கல்காரர் உள்ளறையிலிருந்து எடுத்துத் தந்த பேஸ்ட்.
ஐந்தாவது பல்
வர்க்கிக்கு உடைந்திருந்தால் ஊட்டியில் மன்னிப்பு உண்டு.
பாலில் நனைத்த பன்னுக்கு உடைந்தது.

வர்க்கியை விட்டு இரண்டு வருடம்.
வாயில் மாவாகவே நின்றுவிடும்,
தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டும்.
வயசு என்று நினைத்தேன்.
சந்தனத்தின் அண்ணன் சாவில்
கண்ணில் மணல் அரித்தது, ஒரு சொட்டு வரவில்லை.
கல்லு, என்றாள் ஓரகத்தி,
எனக்குக் கேட்கட்டும் என்றே.

பெட்ஃபோர்டில் சின்னப் பெண் டாக்டர், ஷிபானா.
எத்தனை தடவை தேய்ப்பீர்கள் என்று கேட்கவேயில்லை.
உள்கன்னத்தில் கண்ணாடியை வைத்தாள்,
எடுத்தாள்,
வரவில்லை. ஒட்டிக்கொண்டது.
திரும்ப வைத்தாள். திரும்ப ஒட்டியது.
சோறு விழுங்கத் தண்ணி வேணுமா அக்கா?
கண் உறுத்துமா? விரல் மூட்டு?
கோயம்புத்தூருக்கு ரத்தம் எழுதிக் கொடுத்துவிட்டு
'உங்க மேல தப்பில்லை' என்றாள்.
வாயில் எச்சில் இல்லையாம்.
ரத்தத்தில் காவலுக்கு நிற்கிறவர்களே
ஊற்றை அடைத்துவிட்டிருக்கலாமாம்.

எச்சில்.
அதற்கு நான் பயந்த பயம் கொஞ்சமா.
தம்ளரை உதட்டில் வைத்ததில்லை.
கடித்ததை யாருக்கும் நீட்டியதில்லை.
பில் புத்தகத்தை நாக்குத் தொட்டுப் புரட்டின பையனை அதட்டி
ஸ்பாஞ்சு டப்பா வாங்கி வைத்தவள்.
நான் தூங்கின ராத்திரியெல்லாம்
அதுதான் உட்கார்ந்து பல் கழுவியிருக்கிறது.
எந்த மாதம் நின்றதோ,
சொல்லிக்கொள்ளவில்லை, கணக்கு முடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலெல்லாம் மேகம்.
கம்பியில் சொட்டுகிறது, கூரையில் சொட்டுகிறது,
கண்டக்டர் தலைமுடியில் முத்து முத்தாக.
என் வாயில் மட்டும் சித்திரை.
சில்லறை வாங்கும்போது
கையால் மறைக்காமல் சிரித்தேன்.
ஐந்து ஓட்டையையும் பார்த்தார். பார்க்கட்டும்.

இது போகாது என்றாள் ஷிபானா.
மாத்திரை, சொட்டு மருந்து, மடியில் எப்போதும் பாட்டில்.
ஒரு பக்கம் கூட்டல், ஒரு மடக்கு.

ராத்திரி சந்தனத்திடம் சொன்னேன்.
பீடியைப் பற்ற வைக்காமலே வைத்திருந்தான்.
'அப்ப அன்னைக்கு அண்ணனுக்கு நீ அழாதது?'
அதுவும்தான்.
'அண்ணிகிட்ட சொல்லட்டுமா?'
வேண்டாம் என்றேன்.
பிறகு, சொல்லு என்றேன்.

என் பாட்டிலை எடுத்து
வாய் வைத்துக் குடித்தான்.
துடைக்காமல் வாங்கி நானும் குடித்தேன்.
ஒரே பீடி நாற்றம்.